போய்ச் சேராத நோட்டீஸ்

(சட்டம் படிக்கும் மாணவர்களும் களத்தில் வேலை செய்யும் தோழர்களும் கூடியிருந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கவிதை வாசிக்கத்தான் என்னைக் கூப்பிட்டிருக்காங்கன்னு யாராவது நினைச்சு வந்திருந்தா மன்னிக்கணும். இன்னைக்கு நான் பேசப்போவது ஒரு காகிதத்தைப் பற்றி. நோட்டீஸ் என்கிற காகிதம். நான் வக்கீல் அல்ல, வங்கிக் குமாஸ்தா. சட்டத்தின் தத்துவம் பேச என்னைவிடத் தகுதியான ஆட்கள் இங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் ஒரு காகிதம் எந்த மேசையிலிருந்து புறப்படுகிறது, எந்த மேசையில் தூங்குகிறது, யார் கைக்கு எட்டாமலே போகிறது என்பது எனக்குத் தெரியும். நான் சம்பளம் வாங்குவதே அந்த வேலைக்குத்தான்.

விஷயம் இதுதான். ஒரு கிரிமினல் வழக்கில் அப்பீல் போகிறார்கள். அதில் நியாயம் இருக்கிறதா இல்லையா என்று எந்த நீதிபதியும் பார்க்கவில்லை. சாட்சியத்தைப் படிக்கவில்லை. 'உரிய நாளுக்குள் உரிய நோட்டீஸ் வரவில்லை, தள்ளுபடி' என்று ஒரே வரி. கதவு சாத்தியாச்சு. இதற்கு வக்கீல்கள் வைத்திருக்கிற பேர் 'டெக்னிக்கல்'. இந்தச் சொல்லைக் கேட்டதும் நம்ம ஆட்கள் ரெண்டு விதமா நடந்துக்கறோம். ஒன்று, நமக்குப் புரியாத சமாச்சாரம் என்று பயந்து ஒதுங்குகிறோம். இல்லாவிட்டால், சட்டமே அவங்க சட்டம் என்று சொல்லிவிட்டு எழுந்து போகிறோம். ரெண்டுமே நமக்கு ஆகாது என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் தூரத்து ஊர்க் கதை ரெண்டு. ரெண்டும் அமெரிக்காவில் நடந்தவை. எந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றால் புகையும் சத்தமும்தான் தெரியும். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால்தான் எந்தச் சக்கரம் எதைச் சுற்றுகிறது என்று பிடிபடும். அதற்காகத்தான் அவ்வளவு தூரம் போகிறேன். நம்ம ஊருக்குத் திரும்பி வந்துவிடுவேன்.

*

அலபாமா மாநிலத்தில் மேப்பிள்ஸ் என்பவருக்கு 1997-ல் இரட்டைக் கொலை வழக்கில் மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2001-ல் அவர் மாநில நீதிமன்றத்தில் ஒரு மனு போட்டார். விசாரணையில் எனக்காக வாதாடிய வக்கீல்கள் தங்கள் வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்பது மனு. தண்டனைக்குப் பிறகு போடும் இந்த மாதிரி மனுக்களுக்கு அரசே வக்கீல் வைத்துத் தரும் என்ற உத்தரவாதம் அலபாமாவில் கிடையாது. நியூயார்க்கில் ஒரு பெரிய வக்கீல் கம்பெனியில் வேலை பார்த்த ரெண்டு இளம் வக்கீல்கள் கூலி வாங்காமல் வாதாட முன்வந்தார்கள். வெளிமாநிலத்து வக்கீல்கள் என்பதால் உள்ளூர் வக்கீல் ஒருவருடைய பேரையும் சேர்த்துக்கொண்டார்கள்.

2002-ல் அந்த ரெண்டு பேரும் கம்பெனியை விட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். கைதிக்கும் சொல்லவில்லை, கோர்ட்டுக்கும் சொல்லவில்லை. 2003 மே மாதம் மனு தள்ளுபடி ஆனது. மேலே போக வேண்டுமானால் 42 நாளுக்குள் அப்பீல் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். கோர்ட் குமாஸ்தா உத்தரவின் நகலை ரெண்டு கவரில் போட்டு நியூயார்க்குக்கு அனுப்பினார். கம்பெனியின் தபால் பிரிவு ரெண்டையும் பிரிக்காமலே திருப்பி அனுப்பியது. ஒரு கவரின் மேல் 'கம்பெனியை விட்டுப் போய்விட்டார்' என்று குறித்திருந்தது. கவர்கள் அலபாமாவுக்குத் திரும்பி வந்தன. குமாஸ்தா வாங்கி வைத்துக்கொண்டார். மறுபடி அனுப்பவில்லை. வேறு முகவரி தேடவில்லை. உள்ளூர் வக்கீலுக்கு ஒரு நகல் போயிருந்தது. நியூயார்க்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று அவரும் சும்மா இருந்துவிட்டார்.

ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கைதி எங்கே இருக்கிறார் என்று அரசுக்குத் தெரியாதா? அவரை அடைத்து வைத்திருப்பதே அரசுதானே? உலகத்திலேயே முகவரி மாறாத மனுஷன் மரணக் கொட்டடியில் இருக்கிறவன்தான்.

42 நாள் முடிந்தது. ஆகஸ்டில் அரசுத் தரப்பு வக்கீலே சிறைக்கு, கைதியின் பேருக்கு, நேராக ஒரு கடிதம் எழுதினார். மாநிலத்தில் அப்பீல் செய்ய உனக்கிருந்த காலக்கெடு முடிந்துவிட்டது, கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போக இன்னும் நாலு வாரம் இருக்கிறது என்று. அந்தக் கடிதத்தைப் பார்த்துத்தான் அவருக்கு விஷயமே தெரிந்தது. கெடு முடிகிறவரை அவருடைய முகவரி யாருக்கும் அகப்படவில்லை. முடிந்த பிறகு அகப்பட்டுவிட்டது பாருங்க! அவர் அம்மாவுக்குப் போன் செய்தார். அம்மா நியூயார்க்குக்குப் போன் செய்தார். வேறு வக்கீல்கள் ஓடி வந்தார்கள். கெடு தாண்டிப் போச்சு என்று அலபாமா நீதிமன்றங்கள் கைவிரித்தன. மாநிலத்தில் கெடுவைத் தவறவிட்டதால் நாங்களும் கேட்க முடியாது என்று கூட்டாட்சிக் கீழ் நீதிமன்றங்களும் சொல்லிவிட்டன.

2012 ஜனவரியில்தான் அமெரிக்க உச்சநீதிமன்றம் 7-க்கு 2 என்ற கணக்கில் அதை மாற்றியது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ரூத் கின்ஸ்பர்க். வக்கீலின் சாதாரணத் தவறைக் கட்சிக்காரர் சுமக்க வேண்டும். ஆனால் வக்கீல் சொல்லாமல் கொள்ளாமல் கைவிட்டுப் போய்விட்டால் அவர் இனிமேல் வக்கீலே அல்ல, அவர் தவறவிட்ட கெடுவைக் கைதியின் தலையில் கட்ட முடியாது என்பது தீர்ப்பின் சாரம். இதனால் அவர் விடுதலை ஆகவில்லை. இந்தக் காரணத்தைச் சொல்லிக் கதவைச் சாத்தக் கூடாது என்று வழக்கைக் கீழே திருப்பி அனுப்பினார்கள், அவ்வளவுதான். அதற்கே எட்டரை வருஷம் ஆயிற்று.

இரண்டாவது வழக்கு ஒகையோ மாநிலத்தது. பவுல்ஸ் வழக்கு என்று பேர். கொலை வழக்கில் 15 வருஷம் முதல் ஆயுள்வரை என்று தண்டிக்கப்பட்டவர். கூட்டாட்சி நீதிமன்றத்தில் அவர் போட்ட மனு 2003 செப்டம்பரில் தோற்றது. 30 நாளுக்குள் அப்பீல் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும், தவறிவிட்டது. உத்தரவின் நோட்டீஸ் கிடைக்காதவர்களுக்கு என்று அங்கே ஒரு விதி இருக்கிறது. அதன் கீழ் மறுபடி வாய்ப்புக் கேட்டார். நீதிபதி கொடுத்தார். 2004 பிப்ரவரி 10 அன்று உத்தரவு போட்டு, பிப்ரவரி 27 வரை நேரம் இருக்கிறது என்று எழுதினார். பவுல்ஸ் தரப்பு பிப்ரவரி 26 அன்று நோட்டீஸ் கொடுத்தது. ஒரு நாள் முன்னதாகவே.

ஆனால் அந்த விதி கொடுக்கிற அவகாசம் 14 நாள்தான். நீதிபதி தப்பாகக் கணக்குப் போட்டு 17 நாள் கொடுத்துவிட்டார். பவுல்ஸ் 16-ஆம் நாள் வந்திருக்கிறார். நீதிபதி கொடுத்த தேதியை நம்பினது அவர் தப்பு! 2007 ஜூனில் உச்சநீதிமன்றம் 5-க்கு 4 என்று அப்பீல் தள்ளுபடி ஆனதைச் சரி என்றது. சட்டம் வைத்த கெடு நீதிமன்றத்தின் அதிகார எல்லை. அதைத் தாண்டிக் கருணை காட்டவும் நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை என்றார்கள். தீர்ப்பை எழுதியவர் கிளாரன்ஸ் தாமஸ், கருப்பர் நீதிபதி. நம்ம ஆள் ஒருத்தர் நாற்காலியில் உட்கார்ந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிற தோழர்கள் இதைக் கவனிக்கணும். நீதிபதி சொன்னதை நம்பியவரை நீதிமன்றமே இப்படி நடத்தலாமா என்று எதிர்த்து எழுதியவர் டேவிட் சௌட்டர், வெள்ளைக்காரர்.

ரெண்டு வழக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்க. தவறியது யார்? ஒன்றில் வக்கீல், தபால் பிரிவு, கோர்ட் குமாஸ்தா. இன்னொன்றில் நீதிபதி. நஷ்டம் யாருக்கு? ரெண்டிலும் சிறைக்குள் இருக்கிறவனுக்கு. தவறு மேலே நடக்கிறது, தண்டனை கீழே இறங்குகிறது. சாதியைப் படித்தவர்களுக்கு இந்த ஏணியை நான் விளக்கத் தேவையில்லை.

*

ஒரு தோழர் கேட்கலாம்: கொலைகாரர்கள் அப்பீலுக்காக நாம் ஏன் கண்ணீர் விடணும்? நம்மைக் கொன்றவர்களும் அப்பீல் போகிறார்களே?

நியாயமான கேள்வி. நான் கண்ணீர் விடச் சொல்லவில்லை, கணக்குப் பார்க்கச் சொல்கிறேன். 2011 கணக்கெடுப்பில் இந்த நாட்டு மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 16.6 சதவீதம். சிறைப் புள்ளிவிவரங்களை எடுத்தால் கைதிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் நம்ம ஆள். ஒரே சேரியில் ஒரு வீட்டுப் பையன் பொய் வழக்கில் உள்ளே கிடக்கிறான். அடுத்த வீட்டுக்காரன் அடிபட்டு, புகார் கொடுத்துவிட்டு, வழக்கு என்ன ஆச்சு என்றே தெரியாமல் வெளியே நிற்கிறான். உள்ளே இருக்கிறவனுக்கும் நோட்டீஸ் வேண்டும், வெளியே நிற்கிறவனுக்கும் வேண்டும். ரெண்டு பேருக்குமே அது வந்து சேருவதில்லை. அதனால் இந்தப் பிரச்சினையில் ரெண்டு பக்கமும் நிற்க வேண்டிய ஒரே கூட்டம் நாமதான்.

உள்ளே இருக்கிறவர் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். இங்கே நம்ம சட்டம் காகிதத்தில் அமெரிக்காவைவிட மேல். 1996-ல் பானி சிங் வழக்கில் உச்சநீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு தெளிவாகச் சொல்லியிருக்கிறது. விசாரணைக்கு ஏற்கப்பட்ட ஒரு கிரிமினல் அப்பீலை, அப்பீல்காரரும் வரவில்லை, வக்கீலும் வரவில்லை என்பதற்காக மட்டும் தள்ளுபடி செய்யக் கூடாது. கீழ்க்கோர்ட் தீர்ப்பையும் ஆவணங்களையும் படித்துத்தான் முடிவு சொல்ல வேண்டும். ஆள் சிறையில் இருந்தால் வேறு தேதி கொடுக்கலாம், அரசு செலவில் வக்கீல் வைக்கலாம். தண்டனைக் கைதி சிறை அதிகாரி மூலமாகவே அப்பீல் மனு அனுப்பலாம் என்பதும் சட்டத்தில் இருக்கிறது. பட்டியல் சாதி, பழங்குடி, பெண்கள், காவலில் இருக்கிறவர்கள் எல்லாருக்கும் 1987-ஆம் வருஷத்துச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி இலவச வக்கீல் உண்டு.

ஆனால் அப்பீல் ஏற்கப்பட்டால்தானே பானி சிங் காப்பாற்றுவார்? மரண தண்டனை அல்லாத தண்டனைக்கு உயர்நீதிமன்றத்தில் அப்பீல் செய்ய 60 நாள். மாவட்ட அளவில் செய்ய 30 நாள். தீர்ப்பு நகல் வாங்க ஆகும் நாட்களைக் கழித்துக்கொள்ளலாம். தாமதம் ஆனால் காரணம் சொல்லி மன்னிப்புக் கேட்கலாம். மன்னிப்பது நீதிமன்றத்தின் விருப்பம். இந்த 30, 60 என்கிற ரெண்டு எண்ணும் நம்ம சேரியில் எத்தனை வீட்டில் தெரியும்? ரேஷன் கடை எந்தத் தேதியில் திறக்கும் என்று தெரியும். வட்டிக்காரன் எந்தக் கிழமை வருவான் என்று தெரியும். இது தெரியாது. தெரியாமல் இருப்பது அவர்கள் குற்றமில்லை. யாரும் போய்ச் சொல்லவில்லை.

*

இப்போது காகிதத்தின் கதைக்கு வருகிறேன். என் மேசைக்கு வாரத்துக்கு ஒரு கட்டு கவர் திரும்பி வரும். நகைக்கடன் ஏல நோட்டீஸ், கடன் பாக்கி நோட்டீஸ். மேலே தபால்காரர் குறிப்பு இருக்கும். 'வீடு பூட்டியுள்ளது'. 'ஆள் இல்லை'. 'வாங்க மறுப்பு'. 'முகவரி போதாது'. இந்தக் கடைசிக் குறிப்பு எந்தக் கவர்களில் அதிகம் வருகிறது என்று பார்த்தால் ஊரின் வரைபடத்தையே வரைந்துவிடலாம். ஊருக்குள் தெருவுக்குப் பேர் இருக்கும், கதவுக்கு எண் இருக்கும். நம்ம பக்கத்துக்கு 'காலனி' என்று ஒரே சொல். இருநூறு வீட்டுக்கும் ஒரே முகவரி. ஒரே பேரில் நாலு முருகன் இருப்பான். தபால்காரரைத் திட்டிப் பிரயோசனம் இல்லை. கதவு எண் போடாத பஞ்சாயத்தைத்தான் கேட்கணும்.

ஆனால் சட்டத்துக்கு இந்தக் கவலை கிடையாது. 1897-ஆம் வருஷத்துப் பொது விதிகள் சட்டம் என்று ஒன்று, வெள்ளைக்காரன் காலத்தது. அதன் 27-ஆவது பிரிவு என்ன சொல்கிறது? சரியான முகவரி எழுதி, தபால் செலவு கட்டி, பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டால் போதும். சேரவில்லை என்று எதிராளி நிரூபிக்காதவரை, சேர்ந்ததாகவே கொள்ளலாம். அனுப்பினவன் ரசீதைக் காட்டினால் அவன் கடமை முடிந்தது. கிடைக்கவில்லை என்று நிரூபிக்கும் வேலை கிடைக்காதவன் தலையில்! வராத ஒன்றை வரவில்லை என்று எப்படி நிரூபிப்பது? பதிவுத் தபாலை 2025-ல் ஸ்பீடு போஸ்ட்டோடு இணைத்துவிட்டார்கள். தபாலின் பேர் மாறுகிறது, காலனியின் முகவரி மாறவில்லை.

2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் போய், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்துவிட்டது. அதில் சம்மனை மின்னணு வழியாகவும் அனுப்பலாம். நல்லதுதான். ஆனால் அந்த ஆயாவின் பேரில் பதிவாகியிருக்கிற செல்போன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் மகன் பையில் கிடக்கிறது. 'டெலிவர்டு' என்று ரெண்டு டிக் விழுந்துவிடும். ஆயாவுக்கு என்ன தெரியும்?

இந்த நாட்டில் யாருடைய நோட்டீசுக்கு மரியாதை என்று வங்கிக்காரன் என்கிற முறையில் ஒரு கணக்குச் சொல்கிறேன். காசோலை பணமில்லாமல் திரும்பினால், தகவல் கிடைத்து 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். கிடைத்தவர் 15 நாளுக்குள் பணம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் கிரிமினல் வழக்கு. இந்த 138-ஆவது பிரிவு 1989 ஏப்ரல் 1 அன்று அமலுக்கு வந்தது. அதே 1989-ல்தான் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையும் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. பணத்துக்கு முதல் நாளே நோட்டீஸ் முறை எழுதி வைத்தார்கள். அடிபட்ட தலித்துக்கு, 'உன்னை அடித்தவன் ஜாமீன் கேட்கிறான்' என்று தகவல் சொல்ல வேண்டும் என்கிற விதி 2016 ஜனவரி 26 அன்றுதான் அமலுக்கு வந்தது. ஏறத்தாழ 27 வருஷம். திரும்பிய காசோலைக்கும் எரிந்த குடிசைக்கும் உள்ள தூரம் அது.

*

அந்த விதியைத்தான் மாணவர்கள் மனப்பாடம் செய்துகொள்ளச் சொல்கிறேன். பிரிவு 15ஏ. அதன் 3-ஆவது உட்பிரிவின்படி, ஜாமீன் உட்பட எந்த நீதிமன்ற நடவடிக்கையானாலும் பாதிக்கப்பட்டவருக்கோ அவரைச் சார்ந்தவருக்கோ நியாயமான, சரியான, உரிய நேரத்திலான நோட்டீஸ் கிடைக்க வேண்டும். தகவல் சொல்ல வேண்டியது சிறப்பு அரசு வக்கீலும் மாநில அரசும். 5-ஆவது உட்பிரிவின்படி ஜாமீன், விடுவிப்பு, பரோல், தீர்ப்பு, தண்டனை எல்லாவற்றிலும் பாதிக்கப்பட்டவர் தன் தரப்பைச் சொல்லலாம்.

இது ஏன் பெரிய விஷயம் என்றால், பொதுச் சட்டத்தில் இது இல்லை. போலீஸ் போட்ட வழக்கில் குற்றவாளி அப்பீல் போனால் யார் யாருக்கு நோட்டீஸ்? அப்பீல்காரருக்கு அல்லது அவர் வக்கீலுக்கு, அப்புறம் அரசு நியமித்த அதிகாரிக்கு. அடிபட்டவர் அந்தப் பட்டியலிலேயே கிடையாது. பழைய சட்டத்தின் 385-ஆவது பிரிவிலும் அப்படித்தான், புதுச் சட்டத்தின் 426-ஆவது பிரிவிலும் அப்படித்தான். உன் அண்ணனை வெட்டினவனுடைய அப்பீல் உயர்நீதிமன்றத்தில் நடந்து முடிந்து, அவன் வெளியே வந்து, ஊர் டீக்கடையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத்தான் உனக்குத் தீர்ப்பே தெரியும். அவன்தான் உனக்கு நோட்டீஸ்!

ராஜஸ்தானில் அப்படி நடந்தது. ஒரு கொலை வழக்கில், வன்கொடுமைச் சட்டப் பிரிவுகளும் உள்ள வழக்கில், இறந்தவரின் குடும்பத்துக்கு நோட்டீஸ் இல்லாமலே உயர்நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. இறந்தவரின் அண்ணன் தம்பியில் ஒருவர் உச்சநீதிமன்றம் போனார். 2021 அக்டோபரில், ஹரிராம் பம்பி வழக்கு என்று பேர், நீதிபதிகள் சந்திரசூட், நாகரத்னா அமர்வு அந்த ஜாமீனை ரத்து செய்தது. 15ஏ நோட்டீஸ் வெறும் சடங்கல்ல, கட்டாயம் என்று சொன்னது. இங்கே கவனியுங்க. வென்றது எது? ஒரு 'டெக்னிக்கல்' விஷயம்தான். நோட்டீஸ் கொடுக்கவில்லை என்கிற நடைமுறைக் குறைதான் நமக்கு ஆயுதமாச்சு. நடைமுறையே மேல்சாதிச் சூழ்ச்சி என்று பொத்தாம்பொதுவாகப் பேசுகிறவர்கள் இந்த ஆயுதத்தையும் சேர்த்துக் குப்பையில் போடுகிறார்கள்.

நாணயத்தின் மறுபக்கமும் இருக்கிறது. வன்கொடுமை வழக்கை டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி விசாரிக்க வேண்டும் என்பது 1995-ஆம் வருஷ விதிகளில் 7-ஆவது விதி. நம்ம பாதுகாப்புக்காக வைத்த விதி. ஆனால் போலீஸ் என்ன செய்கிறது? இன்ஸ்பெக்டரையோ சப்-இன்ஸ்பெக்டரையோ வைத்து விசாரித்துவிடுகிறது. விசாரணை செல்லாது என்று எதிர்த்தரப்பு வாதாடுகிறது. 2009-ல் மத்தியப் பிரதேசத்து சுன்னிலால் வழக்கில் உச்சநீதிமன்றமும் அப்படித்தான் சொன்னது: வன்கொடுமைப் பிரிவுகள் நிற்காது, இந்தியத் தண்டனைச் சட்டப் பிரிவுகள் மட்டும் தொடரலாம். விதியை மீறியது போலீஸ். வழக்கிலிருந்து சாதி காணாமல் போனது யாருடைய நஷ்டம்? அலபாமாவில் பார்த்த அதே ஏணிதான்.

அதனால் நடைமுறை பற்றி நமக்கு ஒரு அளவுகோல் வேண்டும். நான் வைத்திருப்பது இது. பலமுள்ளவனைக் கட்டுகிற நடைமுறையை இறுக்கிப் பிடிக்கணும். அரசுக்கு நோட்டீஸ் கொடுக்கும் கடமை, போலீசுக்கு விசாரணை விதி, இதிலெல்லாம் ஒரு நூல்கூட விட்டுக்கொடுக்கக் கூடாது. பலமில்லாதவனை வெளியே தள்ளுகிற நடைமுறையில் காரணம் கேட்டு, பொறுத்து, உள்ளே விடச் சொல்லிப் போராடணும். மேலே இருக்கிறவன் செய்த குறைக்குக் கீழே இருக்கிறவன் வழக்கை இழக்கக் கூடாது.

அம்பேத்கர் நடைமுறையை வெறுத்தவர் அல்ல. மகத்தில் 1927 டிசம்பர் 25 அன்று மனுஸ்மிருதியை எரித்த அதே நேரத்தில், குளத்தில் இறங்கக் கூடாது என்ற கோர்ட் தடை உத்தரவு அவர் கையில் இருந்தது. மனுவை எரித்தார். தடை உத்தரவை எரிக்கவில்லை. அதைக் கோர்ட்டிலேயே எதிர்கொண்டார். சவுதார் குளம் வழக்கு பம்பாய் உயர்நீதிமன்றத்தில் 1937 மார்ச் 17 அன்றுதான் நமக்குச் சாதகமாக முடிந்தது. ஏறத்தாழ பத்து வருஷம் ஒரு குளத்து வழக்கை விடாமல் பிடித்திருந்தார். எதை எரிக்கணும், எதை வாதாடி உடைக்கணும் என்று அவருக்குத் தெரியும்.

*

கடைசியாக, வேலை. பேசிவிட்டுக் கலைந்து போவதற்கு நாம் கூடவில்லை.

ஒவ்வொரு கிளையிலும் ஒரு நோட்டு போடுங்கள். வங்கியில் தபால் பதிவேடு வைக்கிற மாதிரி. நம்ம பகுதியின் ஒவ்வொரு வன்கொடுமை வழக்குக்கும் ஒரு பக்கம். குற்ற எண், கோர்ட், வழக்குக்கான 16 எழுத்து சி.என்.ஆர். எண், அடுத்த வாய்தா. அந்த எண் இருந்தால் செல்போனிலேயே வழக்கின் நிலையைப் பார்க்கலாம், காசு வேண்டாம். இந்த வேலைக்குப் பட்டதாரி வேண்டாம், பத்தாவது படிக்கிற தங்கச்சி போதும்.

தீர்ப்பு வந்த நாளைச் சிவப்பு மையில் எழுதுங்கள். வன்கொடுமைச் சட்டத்தின் 14ஏ பிரிவுப்படி உயர்நீதிமன்ற அப்பீலுக்கு 90 நாள். காரணம் காட்டினால் அதற்கு மேலும் கேட்கலாம், ஆனால் 180 நாளுக்கு மேல் கேட்கவே முடியாது என்று சட்டம் எழுதியிருக்கிறது. இந்த 180 நாள் பூட்டு செல்லாது என்று அலகாபாத் உயர்நீதிமன்ற முழு அமர்வு 2018-ல் சொன்னது. அதை நம்பி இங்கே உட்கார்ந்துவிடாதீர்கள். 90-ஐயே கணக்காக வையுங்கள், 60-ஆவது நாளே வக்கீலைப் பிடியுங்கள். எதிரி விடுதலையானால் அரசுதான் அப்பீல் போகணும் என்கிற காலம் போய்விட்டது. 2009 டிசம்பர் 31 முதல் பாதிக்கப்பட்டவருக்கே அப்பீல் உரிமை வந்துவிட்டது. அதற்குத் தனி அனுமதி வேண்டாம் என்று 2018-ல் மல்லிகார்ஜுன் கோடகலி வழக்கில் உச்சநீதிமன்றமும் சொல்லிவிட்டது. அரசு போடும் போடும் என்று காத்திருந்து கெடுவைக் கோட்டை விடாதீர்கள்.

வழக்கு பதிவானதுமே சிறப்பு அரசு வக்கீலுக்கும் காவல் நிலையத்துக்கும் ஒரு கடிதம் கொடுங்கள். பாதிக்கப்பட்டவரின் முகவரி, ரெண்டாவது முகவரி, ரெண்டு போன் எண், ஒரு தோழரின் பேர். 15ஏ படி எல்லா நோட்டீசும் இங்கே வரணும் என்று எழுதி, நகலில் கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். நாளைக்கு 'ஆள் ஊரில் இல்லை' என்று போலீஸ் எழுதினால் அந்த நகல் பேசும். நோட்டீஸ் இல்லாமல் ஜாமீன் கொடுத்தால் அன்றைக்கே ஹரிராம் பம்பி தீர்ப்பை எடுத்துக்கொண்டு போங்கள். மாவட்டக் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும் என்று விதி இருக்கிறது. கூடுகிறதா என்று கேளுங்கள். கூடினால், எத்தனை வழக்கில் எத்தனை நோட்டீஸ் உண்மையிலேயே போய்ச் சேர்ந்தது என்று கணக்குக் கேளுங்கள். அனுப்பின கணக்கு வேண்டாம், சேர்ந்த கணக்கு.

சிறையில் இருக்கிற நம்ம பையன்களையும் மறக்காதீர்கள். தண்டனை விழுந்த அன்றே தீர்ப்பு நகல் கையில் வந்ததா, அப்பீல் மனு சிறையிலிருந்து போனதா, எந்த வக்கீல், அவர் இன்னும் அந்த வழக்கில் இருக்கிறாரா என்று மாதம் ஒருமுறை மனு போட்டுப் பார்த்து விசாரியுங்கள். கவர் திரும்பி வந்தது தெரிந்தும் சும்மா இருந்த குமாஸ்தா அலபாமாவில் மட்டும் இல்லை.

சட்டம் படிக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. பெரிய அரசியல் சாசன வழக்குகளை வாதாடும் கனவு இருக்கட்டும். அதற்கு முன்னால் ஒரு காலனியைத் தத்து எடுங்கள். கதவு எண் இல்லாத வீடுகளுக்கு எண் கேட்டுப் பஞ்சாயத்தில் மனுக் கொடுங்கள். சின்ன வேலைதான். ஆனால் அந்த எண் இல்லாததால்தான் ஒரு குடும்பத்தின் நியாயம் 'முகவரி போதாது' என்று திரும்பிப் போகிறது.

நோட்டை எப்போது தொடங்கலாம் என்று கேட்காதீர்கள். உங்கள் ஊரில் போன மாதம் தீர்ப்பான வழக்கு ஏதாவது இருந்தால், அதற்கு இந்நேரம் நாள் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஜெய்பீம்.